ஆள் குறைந்தால் கடமை குறையுமா?

சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமைக் காலையில், கோயம்புத்தூரில் ஓர் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தின் வாசற்படியில், கண்ணின் வெண்மையெல்லாம் மஞ்சளாகி, தொளதொளத்த சட்டைக்குள் உடம்பு இருக்குமிடம் தெரியாமல் இளைத்துப்போன ஒரு லேத் தொழிலாளியும் அவருடைய மனைவியும், டாக்டர் கொடுத்த சான்றுகளை மடிப்புக் கலையாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். அவருக்கு மஞ்சள் காமாலை. ஆறு வாரம் ஓய்வு என்று டாக்டர் எழுதியிருந்தார். மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையில் பதினாறு வருஷமாக வேலை செய்கிற மனிதர். அந்தப் பதினாறு வருஷத்தில் நோய் விடுப்புக்காகப் பணம் கேட்டு அந்த அலுவலகப் படியை அவர் மிதித்தது அன்றுதான் முதல் தடவை.

உள்ளே இருந்த குமாஸ்தா, ஐ.பி. நம்பர் என்னும் காப்பீட்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: “போன அக்டோபர்லருந்து உங்க ஐ.பி. நம்பருக்குப் பணமே வரலீங்களே.”

“வரலீங்களா? நான் ஒரு நாள் விடாம வேலைக்குப் போய்ட்டுத்தானுங்க இருந்தேன். பட்டறை மூடலீங்களே!” என்றார் அவர்.

அவருடைய மனைவிதான் சற்று நேரம் யோசித்து, ஏதோ தன் மீதே குற்றம் இருப்பதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “தீபாவளி கழிஞ்ச மாசத்துலருந்து சம்பளத்துல நூறு ரூபா கூட வந்துதுங்க. மொதலாளி ஏத்திக் குடுத்திருக்கறாருன்னு நெனச்சு நாங்க சந்தோசப்பட்டமுங்க.”

அந்த நூறு ரூபாயின் கதையைத்தான் இங்கே விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில், பட்டறை பெரிதாக இருந்தபோது நோயாளிக்கு ஆற்ற வேண்டியிருந்த கடமை, பட்டறை சிறுத்தபோது என்னவாகிறது என்ற கேள்விக்கு விடை தெரியாமல், முதலாளிகளும் தொழிலாளிகளும் ஒருங்கே இருட்டில் நடக்கிறார்கள் என்பதை அன்று நான் கண்கூடாகக் கண்டேன்.

நடந்த விஷயம் இவ்வளவே. அந்தப் பட்டறையில் முன்பு பன்னிரண்டு பேர் இருந்தார்கள்; ஆர்டர் குறைந்தது; இரண்டு பேர் வேறு இடம் தேடிப் போனார்கள், ஒருவர் ஊருக்கே திரும்பினார், இன்னொருவர் முதுமையால் நின்றுவிட்டார்; மீதி எட்டுப் பேர். கணக்குப் பார்க்கிறவர் ஒருவர், பத்துப் பேருக்குக் கீழே வந்துவிட்டால் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டியதில்லை என்று யோசனை சொல்ல, முதலாளி அதை நம்பிக் கட்டுவதை நிறுத்தினார். நிறுத்திய மனிதர், தொழிலாளியின் பங்கைப் பிடிப்பதையும் யோக்கியமாக நிறுத்திவிட்டார். நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் சம்பளம் 13,000. அதில் 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால், அதாவது ஏறக்குறைய 98 ரூபாய். முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றேகால், ஏறக்குறைய 423 ரூபாய். அந்தத் தொண்ணூற்றெட்டு ரூபாய்தான் அந்த வீட்டில் சம்பள உயர்வாகத் தோற்றமளித்தது.

அந்த யோசனை தவறு. சட்டத்தைப் படித்தவர்கள் யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. இ.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948இல் பிறந்தது. அதன் முதற்பிரிவிலேயே ஆறாவது உட்பிரிவாக ஒரு வாசகம் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஒரு தொழிற்சாலையோ ஸ்தாபனமோ ஒரு தடவை இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும், ஏன், இயந்திர சக்தியைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டாலும், சட்டத்தின் பிடி அதன் மேல் நீடிக்கும் என்பதே அந்த வாசகத்தின் தாத்பரியம். பத்து என்ற எண் உள்ளே வருவதற்கான வாசல். வெளியே போவதற்கான வாசல் அன்று. 2025 நவம்பர் 21ஆம் தேதி, அந்தப் பழைய சட்டத்தின் ஸ்தானத்தில், 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதும் இந்த விதி போய்விடவில்லை. புதிய தொகுப்பிலும் அது அதே பொருளில் இடம்பெற்றிருக்கிறது.

இந்த வாசகம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943இல், ஆலைத் தொழிலாளிகளுக்கு ஒரு சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் வகுத்துத் தரும்படி பேராசிரியர் பி.பி. அதார்க்கரை அன்றைய அரசாங்கம் நியமித்தது. அவர் மறுவருஷம் அறிக்கையைச் சமர்ப்பித்தார். சுதந்திரம் வந்த ஒன்பது மாதங்களுக்குள் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரில் ஜவாஹர்லால் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்து, தாமே கௌரவ முறையில் முதற் காப்பீட்டாளராகத் தம் கையொப்பமிட்டுப் படிவம் கொடுத்தார். நம்முடைய மாநிலத்துக்கு அது 1955இல் வந்தபோது, முதலில் வந்து இறங்கிய ஊர் பஞ்சாலைகள் நிறைந்த இதே கோயம்புத்தூர்தான். அன்றைய ஆலைகளில் ஆட்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்; ஆகையால் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, வேலை சிறு பட்டறைகளுக்கும் ஜாப் ஒர்க் ஷெட்டுகளுக்கும் சிதறிப் போன பிறகுதான், பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையிலுள்ள ஒற்றை ஆள் மனிதருடைய ஜீவனத்தைத் தீர்மானிக்கிற நிலை வந்தது.

பழைய சட்டத்தில், முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒரு நாளிலேனும் வரம்புக்கு வேண்டிய அத்தனை பேர் வேலை செய்திருந்தால் போதும், அது தொழிற்சாலை என்று இலக்கணம் வகுத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனாலும், ஒரு வருஷம் பொறுமையாக ஆளைக் குறைத்து வைத்திருந்தால் கடமை கழன்றுவிடும் என்ற ஓட்டை அதில் இருந்தது. 1989ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது அந்த ஓட்டையைத்தான்.

இந்த விஷயத்தில் ஒரு சினிமாக் கொட்டகையின் வழக்கு உச்சநீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 1981 முதல் நடந்துவந்த ராதிகா தியேட்டர் என்ற கொட்டகை, 1989 செப்டம்பர் வரையில் ஒழுங்காகப் பணம் கட்டியது. பிறகு, அப்போதைய வரம்பான இருபது பேருக்குக் கீழே ஆள் குறைந்துவிட்டது என்று கட்டுவதை நிறுத்தியது. திருத்தம் வருவதற்கு முன்பே எங்கள் ஸ்தாபனம் இருக்கிறதே, பின்னால் வந்த விதி எங்களை எப்படிக் கட்டும் என்பது அவர்களுடைய வாதம். உயர் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் 2023 ஜனவரி 20ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து, ஸ்தாபனம் என்றைக்குத் தொடங்கப்பட்டதாயினும் 1989 அக்டோபர் 20க்குப் பிறகுள்ள காலத்துக்கு இந்த விதி அதைக் கட்டுப்படுத்தும் என்றும், உழைப்பாளிகளின் நலனுக்காக இயற்றிய சட்டத்துக்கு அந்த நலன் சித்திக்கும்படியாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னும் பத்துக்குக் கீழே வந்தால் போதும் என்று யோசனை சொல்கிறவர்கள் இருப்பது வருந்தத்தக்கது.

இனி, இந்தத் தவற்றில் மறைந்திருக்கும் கொடுமையைச் சொல்ல வேண்டும். அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். இ.எஸ்.ஐ.யில் பணம் கட்டும் காலம் வேறு, அதன் பயனைப் பெறும் காலம் வேறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். அந்த ஆறு மாதங்களில் குறைந்தது 78 நாட்களுக்குப் பணம் கட்டியிருந்தால், நோயுற்றுப் படுக்கும்போது நாள் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு, வருஷத்துக்கு 91 நாள் வரையில் கிடைக்கும். முதல் இரண்டு நாள் மட்டும் கணக்கில் சேராது. இந்த ஏற்பாட்டினால், அக்டோபரில் முதலாளி பணத்தை நிறுத்தினாலும் தொழிலாளிக்கு உடனே ஒன்றும் தெரிவதில்லை. பிப்ரவரியில் அந்த லேத் தொழிலாளியின் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் எப்போதும்போல் மருந்து கொடுத்தார்கள். கார்டு செல்லும் என்றே நினைத்தார்கள். ஜூலை பிறந்ததும் அது செல்லாததாகிவிட்டது. விதையை அக்டோபரில் பிடுங்கியவன் கை, ஆகஸ்டில் அறுவடை செய்யப் போகிறவனுடைய கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஆறு வாரத்தில் இரண்டு நாள் போக நாற்பது நாளுக்கு, நாளொன்றுக்கு 350 ரூபாய் வீதம், அவருக்கு வந்திருக்க வேண்டியது 14,000 ரூபாய். எட்டுப் பேருக்குமாகச் சேர்த்து முதலாளி மாதந்தோறும் மிச்சம் பிடித்தது ஏறக்குறைய 3,400 ரூபாய். காச நோய், புற்றுநோய் போன்ற நெடுநாள் நோயாக இருந்திருந்தால், பட்டியலில் உள்ள முப்பத்துநான்கு வியாதிகளுக்கு, உரிய காலம் பணம் கட்டியவருக்கு நூற்றுக்கு எண்பது பங்கு வீதம் இரண்டு வருஷம் வரையில் உதவி உண்டு. பணம் கட்டாத மாதங்கள் கூடிக்கொண்டே போனால் இந்தப் பெரிய அபயமும் கைவிட்டுப் போகும்.

முதலாளியையும் நான் போய்ப் பார்த்தேன். கையெல்லாம் கிரீஸ் படிந்திருந்தது. அவரும் ஒரு லேத்தில் நின்று கடைந்துகொண்டுதான் இருந்தார். “ஏமாத்தணும்னு பண்ணலீங்க. பத்துக்குக் கீழ போனா வேண்டாம்னாங்க, உட்டுட்டேன். அவன் எனக்குத் தம்பி மாதிரிங்க. நோவுல கெடக்கறான்னதும் கையில இருந்த நாலாயிரத்தைக் குடுத்தனுப்புனேன்” என்றார். அதை நான் நம்புகிறேன். கடன் தவணை ஒரு பக்கம், மின் கட்டணம் ஒரு பக்கம், மூலப்பொருள் விலை ஒரு பக்கம் என்று நெருக்கும்போது, மாதம் மூவாயிரத்துச் சொச்சம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வது அநியாயம். ஆனால் கருணையாகக் கொடுத்த நாலாயிரமும் உரிமையாக வந்திருக்க வேண்டிய பதினாலாயிரமும் ஒன்றாகிவிடா. ஒன்றுக்காக அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மற்றொன்றை அவர் தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டு போகலாம்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1993 பிப்ரவரியில் அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம், ஐம்பது பேரை வருஷத்தில் இருபது வாரங்களேனும் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே பன்னிரண்டு வாரம் விடுப்பு. சம்பளம் கிடையாது, வேலை மட்டும் காத்திருக்கும். ஊழியர் பணிபுரியும் இடத்தைச் சுற்றி எழுபத்தைந்து மைல் தூரத்துக்குள் அந்த நிறுவனத்துக்கு ஐம்பது பேர் இருக்கிறார்களா என்பதை அவர் விடுப்புக்கு அறிவிப்புக் கொடுக்கும் நாளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்நாட்டு விதிமுறைகளில் இதற்கு ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறார்கள்: ஆகஸ்டில் அறுபது பேர் இருக்கிற கம்பெனி, டிசம்பரில் நாற்பதாகிவிடும் என்று தெரிந்திருந்தாலும், டிசம்பரில் விடுப்பு வேண்டும் என்று ஆகஸ்டிலேயே சொன்னவருக்கு அதை மறுக்கக் கூடாது, தொடங்கிவிட்ட விடுப்பையும் ஆள் குறைந்தது என்று பாதியில் முறிக்கக் கூடாது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஆட்குறைப்புச் செய்தி வரும்போதெல்லாம் அறிந்திருக்க வேண்டிய விதி இது. ஆனால் அந்த நாட்டில் எண்ணிக்கை போதிய காலம் ஐம்பதுக்குக் கீழேயே இருந்துவிட்டால், நிறுவனம் சட்டத்திலிருந்து விடுபட்டுவிடுகிறது. நம் நாட்டில் விடுபடுவதில்லை. இந்த ஓர் அம்சத்தில் நம்முடைய சட்டமே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். வருங்கால வைப்பு நிதிக்கும், பணிக்கொடைக்கும்கூட, ஒரு முறை உள்ளே வந்தால் ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது என்ற இதே நியாயத்தைத்தான் நம் சட்டங்கள் கடைப்பிடித்து வந்திருக்கின்றன.

ஆயினும், உள்ளே வந்தால் வெளியேற முடியாது என்பதனாலேயே உள்ளே வராமலிருக்கச் செய்யும் முயற்சிகளும் பெருகியிருக்கின்றன என்பதை மறைத்துப் பயனில்லை. பத்தாவது ஆளைப் பேரேட்டில் ஏற்றாமல் கையில் கூலி கொடுப்பது. ஒரே ஷெட்டுக்கு நடுவில் தகரத் தடுப்பு வைத்து, ஒரு பாதி தன் பெயரிலும் மறு பாதி மனைவி பெயரிலும் போர்டு மாட்டுவது. நாலு பேரைக் கான்ட்ராக்ட் ஆட்கள் என்று சொல்லிவிடுவது. ஆனால் கான்ட்ராக்ட் ஆளும், தற்காலிக ஆளும், 21,000 ரூபாய் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கித் தாம் காப்பீட்டுக்குள் வராத மேஸ்திரியும்கூட, தலைகளை எண்ணும்போது கணக்கில் சேர்வார்கள். போர்டு இரண்டாக இருந்தாலும் முதலும் நிர்வாகமும் வேலையும் ஒன்றாயிருந்தால் இரண்டையும் ஒன்றென்றே பார்க்கும் அதிகாரம் உண்டு. பத்தாவது ஆள் வந்த பதினைந்து நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. (அந்த 21,000 ரூபாய் வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது, இன்றைய விலைவாசியில் அதை உயர்த்தாமல் வைத்திருப்பது, நேற்று உள்ளே இருந்த தொழிலாளியைச் சம்பள உயர்வு என்ற பெயரால் வெளியே தள்ளுவதாகும்.)

பத்துப் பேரை என்றுமே எட்டாத கடைகளில் வேலை செய்கிறவர்கள் கதி என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே, வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பைக் கொடுத்திருக்கிறது. அதற்கு ஆள் கணக்கு இல்லை, ஒரே ஒரு சிப்பந்தி இருக்கிற கடைக்கும் அது பொருந்தும். எத்தனை கடைகளில் அதைக் கேட்கிறார்கள், எத்தனை கடைகளில் கொடுக்கிறார்கள் என்பதை அந்தந்த ஊர்க் கடைத்தெருவில் நின்று பார்ப்பவர்களே அறிவார்கள்.

திரும்ப அந்த லேத் தொழிலாளியிடம் வருகிறேன். முதலாளி பணம் கட்டத் தவறியதால் தொழிலாளியின் உரிமை அற்றுப்போகும்படி சட்டம் விட்டுவிடவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68ஆம் பிரிவு, கட்டியிருக்க வேண்டிய பணம் கட்டப்படவில்லை என்று இ.எஸ்.ஐ. கழகம் திருப்தியடைந்தால், கட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையின் வித்தியாசத்தையோ, கட்டத் தவறியதைப் போல் இரு மடங்கையோ, எது அதிகமோ அதை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று சொல்லியிருந்தது. நோய்க்கால உதவி பெறும்போது ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 73ஆம் பிரிவு சொல்லியிருந்தது. அந்தக் குமாஸ்தா இவற்றையெல்லாம் அறிந்தவராக இருந்தது அவர்களுடைய பாக்கியம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, யாருக்கு எழுத வேண்டும், எந்தத் தேதிகளைக் குறிப்பிட வேண்டும், சம்பளம் வாங்கியதற்கு எதையெல்லாம் அத்தாட்சியாக வைக்கலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, கை நடுங்கிய கணவனுக்குப் பதிலாக மனைவியே எழுதினாள். பட்டறையில் கொடுத்த சம்பளக் கவர்களை அவள் ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் மாதமும் தொகையும் எழுதியிருந்தது. நவம்பர் மாதத்துக் கவரில் தொகைக்குப் பக்கத்தில், ‘98 கூட’ என்று சிறிய எழுத்தில் குறித்திருந்தாள்.

முதலாளி நிலுவை முழுவதையும், நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியோடு, தவணையில் கட்டச் சம்மதித்து எழுதிக் கொடுத்திருக்கிறார். எட்டுப் பேரும் இப்போது மறுபடி காப்பீட்டில் இருக்கிறார்கள்.

பட்டறையிலும், மில்லிலும், கடையிலும் வேலை செய்யும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாதத்துப் பணமும் மறுமாதம் பதினைந்தாம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கட்டியாயிற்றா என்பதை உங்கள் ஐ.பி. நம்பரைப் போட்டுச் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளத்தில் காரணம் தெரியாமல் ஒரு தொகை கூடி வந்தால், அன்றே கேளுங்கள்.